லண்டன் பெட்டிங் ஷாப்ல முதல் தடவை பெட் கட்டுறது எப்படி? (ரெண்டு பவுண்ட் போதும்)

ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்ல நடந்து போனீங்கன்னா நகைக்கடை, தோசைக்கடை, போன் ரிப்பேர் கடை, நடுவுல ஒரு பெட்டிங் ஷாப், மறுபடி காய்கறிக் கடை, கொஞ்ச தூரத்துல இன்னொரு பெட்டிங் ஷாப்னு வந்துகிட்டே இருக்கும். வில்லியம் ஹில், லாட்ப்ரோக்ஸ், கோரல், பெட்ஃப்ரெட், பேடி பவர் இப்படி நாலஞ்சு பேர்தான் திரும்பத் திரும்ப கண்ணுல படும். நம்ம ஊர்ல சூதாட்டம்னாலே போலீஸ், கைதுன்னு கேட்டுப் பழகினதால நானும் முதல்ல அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுகிட்டுதான் போனேன். ஆனா அங்க 1961 மே மாசத்துல இருந்தே இது லைசென்ஸ் வாங்கி நடத்துற சாதாரணக் கடை, ரிட்டயர் ஆன தாத்தாங்க பேப்பரைக் கக்கத்துல வச்சுகிட்டு மளிகை வாங்கப் போற மாதிரி உள்ள போறாங்க.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ மாமாதான் (அக்கா வீட்டுக்காரர்) என்னை உள்ள கூட்டிட்டுப் போனார். அங்க நான் பண்ணின கூத்தையெல்லாம் சேர்த்து, நீங்க அதைப் பண்ணாம இருக்கணும்னு இதை எழுதுறேன். எப்படி ஜெயிக்கிறதுன்னு கேட்டு வந்திருந்தா சாரி, அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பிளாக் எழுதிகிட்டு இருக்கேன்.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி

18 வயசு ஆகியிருக்கணும். முகம் சின்னப் பையன் மாதிரி இருந்தா ஐடி கேப்பாங்க, பாஸ்போர்ட் காட்டணும், முப்பது தாண்டினவங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க. குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, ஒரு நிமிஷம்தானேன்னு ஸ்ட்ரோலரோட நுழைஞ்சா கூட வெளிய போகச் சொல்லிடுவாங்க. மெம்பர்ஷிப், அக்கவுண்ட், ஓடிபி எதுவும் வேணாம்.

பணம் கேஷா எடுத்துட்டுப் போங்க. கிரெடிட் கார்டுல பெட் கட்டுறதை 2020 ஏப்ரல்ல இருந்து அங்க தடை பண்ணிட்டாங்க. இன்னொண்ணு, இந்தியாவுல இருந்து போறவங்க கவனிங்க, லாட்டரி, ஃபுட்பால் பூல்ஸ், ஸ்வீப்ஸ்டேக் மாதிரி விஷயத்துக்கெல்லாம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாதுன்னு நம்ம ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) ரூல்ஸ்ல இருக்கு, அதனால இங்க இருந்து கொண்டு போன ஃபாரெக்ஸ் கார்டை அந்த கவுண்டர்ல நீட்டிடாதீங்க. என் ரெண்டு பவுண்ட் மாமா பாக்கெட்ல இருந்து வந்தது, அதனால எனக்கு அந்தக் கவலை இல்ல :)

ஸ்டெப் 2: உள்ள போயி சும்மா நில்லுங்க

ஆமா, முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே பண்ணாதீங்க. சுவர் முழுக்க டிவி, சுவத்துல அன்னிக்கு ரேஸ் பேப்பரைப் பக்கம் பக்கமா ஒட்டி வச்சிருப்பாங்க, கீழ நீளமா ஒரு பலகை, அதுல வெள்ளை ஸ்லிப்பும் சுண்டுவிரல் நீளத்துக்குப் பேனாவும் இருக்கும். ஒரு ஓரமா கண்ணாடி வச்ச கவுண்டர். பக்கத்துல டச் ஸ்க்ரீன் மெஷின், அதுலயும் பெட் கட்டலாம், ஃபுட்பாலுக்கு அது சுலபம். ஆனா முதல் தடவை கவுண்டருக்கே போங்க, தப்புப் பண்ணினா சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்கும்.

டிவியில ஒரு குதிரை ரேஸ் ஓடிச்சு, நானும் மஞ்சள் சட்டைக்காரனை "வாடா வாடா"ன்னு சத்தமா கத்திட்டேன், பக்கத்துல இருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது கம்ப்யூட்டர் ரேஸாம்! விர்ச்சுவல்னு ஓரத்துல எழுதியிருந்துச்சு. குதிரையும் இல்ல, மைதானமும் இல்ல, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுத்தது வந்துகிட்டே இருக்கும். அதனால கட்டுறதுக்கு முன்னாடி ஊர் பேர் பாருங்க, ஆஸ்காட், எயின்ட்ரீ, கெம்ப்டன், எப்சம்னு நிஜ ஊரா இருக்கணும்.

நாய் ரேஸும் இருக்கும், ஆறு நாய், அரை நிமிஷத்துல முடிஞ்சிரும். நாய் பேரெல்லாம் பார்க்க நேரமே இருக்காது, சட்டை கலரை வச்சு எல்லாரும் பேசுவாங்க: 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கறுப்பு, 5 ஆரஞ்சு, 6 கறுப்பு வெள்ளைக் கோடு. எல்லா மைதானத்துலயும் இதே கலர்தான்.

ஸ்டெப் 3: ஆட்ஸ் (ஜெயிச்சா எவ்வளவு வரும்ங்கிற ரேட்) படிக்கக் கத்துக்கோங்க

இதுதான் முக்கியம், இதைக் கொஞ்சம் மெதுவா படிங்க.

5/2னு போட்டிருந்தா "ரெண்டுக்கு அஞ்சு", அதாவது நீங்க 2 பவுண்ட் கட்டினா 5 பவுண்ட் லாபம், கட்டின 2ம் திரும்பி வரும், கையில 7. 11/4னா 4 கட்டினா 11 லாபம். ஈவன்ஸ்னா போட்டதுக்கு அதே அளவு லாபம். சின்ன நம்பர் முன்னாடி வந்தா, உதாரணமா 4/6, அது எல்லாரும் ஜெயிக்கும்னு நினைக்கிற குதிரை, 6 பவுண்ட் கட்டினாத்தான் 4 லாபம். குழப்பம் என்னன்னா இதையே அங்க வாயால "சிக்ஸ் டு ஃபோர் ஆன்"னு திருப்பிச் சொல்வாங்க, அந்தக் கடைசி "ஆன்"ஐ காதுல வாங்கலேன்னா நீங்க 6/4னு நினைச்சுட்டு சந்தோஷமா இருப்பீங்க.

கிண்டியில டோட்ல கட்டிப் பழகினவங்களுக்கு இங்க ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. டோட்ல எல்லார் பணமும் ஒரே குடத்துல விழுந்து, கடைசியிலதான் பங்கு பிரியும், எவ்வளவு வரும்னு ரேஸ் முடியுற வரைக்கும் தெரியாது. இங்க கட்டும்போதே ரேட்டைப் பேசி முடிச்சுக்கலாம். ஆனா நீங்க கேக்கணும்! கவுண்டர்ல "ப்ரைஸ் ப்ளீஸ்"னு சொன்னா அந்த நேரத்து ரேட்டை ஸ்லிப்ல எழுதித் தருவாங்க. கேக்கலேன்னா அது எஸ்.பி, ஸ்டார்ட்டிங் ப்ரைஸ், ரேஸ் கிளம்புற நேரத்துல என்ன ரேட்டோ அது. நான் 8/1னு ஸ்க்ரீன்ல பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம ஸ்லிப்பை நீட்டினேன், ரேஸ் கிளம்பும்போது அது 5/1 ஆகிடுச்சு. அந்தக் குதிரை கடைசில வந்ததால ரேட் குறைஞ்சதுல நஷ்டம் எதுவும் ஆகல, அது வேற விஷயம்.

ஸ்டெப் 4: ஸ்லிப் எழுதுறது

டைம், ஊர், குதிரை பேர், எவ்வளவு, என்ன பெட். "3.30 ஆஸ்காட்", கீழ குதிரை பேர், கீழ "2 பவுண்ட் வின்". அவ்வளவுதான். கையெழுத்து அழகா இருக்கணும்னு இல்ல, புரியணும். எழுதிட்டு கவுண்டர்ல குடுத்தா ஸ்கேன் பண்ணி ரசீது குடுப்பாங்க. அதுல குதிரை பேரும் தொகையும் சரியான்னு நிக்கிற இடத்துலயே பாருங்க, ரேஸ் ஆரம்பிச்சப்புறம் நான் அதைச் சொல்லல இதைச் சொன்னேன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

ஸ்டெப் 5: ஈச் வே, அதாவது ரெட்டை செலவு

குதிரை ஜெயிக்கலேன்னாலும் ரெண்டாவது மூணாவது வந்தா கொஞ்சம் பணம் வரணும்னா ஈச் வே கட்டணும். நான் "ஃபைவ் பவுண்ட் ஈச் வே"ன்னு ஸ்டைலா சொல்லி ஒரு அஞ்சு பவுண்ட் நோட்டைத் தள்ளினேன், உள்ள இருந்த பொண்ணு அசையாம "டென், லவ்"ன்னுச்சு (லவ்னா அங்க சும்மா கூப்பிடுற வார்த்தை, வேற ஒண்ணும் இல்ல). ஏன்னா அது ரெண்டு பெட், ஒண்ணு ஜெயிக்கிறதுக்கு, ஒண்ணு இடம் பிடிக்கிறதுக்கு. பின்னாடி நாலு பேர் நின்னாங்க, பாக்கெட்டைத் தடவி சில்லறை பொறுக்கிக் குடுத்தேன்.

கணக்கு இப்படி. சாதாரண ரேஸ்ல 8 குதிரை அல்லது அதுக்கு மேல ஓடினா முதல் மூணு இடத்துக்குப் பணம் உண்டு, இடம் பெட்டுக்கு ரேட்ல அஞ்சுல ஒரு பங்கு (10/1னா 2/1). 10/1 குதிரை மேல 2 பவுண்ட் ஈச் வே, மொத்தம் 4 பவுண்ட் செலவு. ஜெயிச்சா வின் பக்கம் 22, இடம் பக்கம் 6, கையில 28. ரெண்டாவது வந்தா வின் பக்கம் போச்சு, 6 மட்டும் வரும், 2 பவுண்ட் லாபம். இதே 4/1 குதிரைன்னா? ரெண்டாவது வந்தாலும் கையில 3 பவுண்ட் 60 பென்ஸ்தான், நீங்க குடுத்தது 4! குதிரை ரெண்டாவது வந்தும் நமக்கு 40 பென்ஸ் நஷ்டம். கம்மி ரேட் குதிரைக்கு ஈச் வே கட்டாதீங்கன்னு மாமா சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

அஞ்சு முதல் ஏழு குதிரை ஓடினா ரெண்டு இடம்தான், அஞ்சுக்குக் கீழன்னா ஈச் வேயே கிடையாது. ஏப்ரல்ல எயின்ட்ரீல நடக்குற கிராண்ட் நேஷனல் மாதிரி பெரிய ரேஸ்ல (2024ல இருந்து 34 குதிரை, அதுக்கு முன்னாடி 40) நாலு இடம், அதுக்கு மேலயும் சில கடை விளம்பரமா குடுப்பாங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வருஷம் பூரா பெட்டே கட்டாத ஆபீஸ் ஆன்ட்டிங்க எல்லாம் க்யூல நிப்பாங்க, முதல் தடவை போறவங்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்ல.

ஸ்டெப் 6: கிரிக்கெட், ஃபுட்பால்

ஃபுட்பால்ல கட்டினா 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. எக்ஸ்ட்ரா டைம்ல உங்க டீம் ஜெயிச்சா அது உங்க டீமுக்கு சந்தோஷம், உங்க பெட்டுக்கு டிரா. கப் யாருக்குன்னு தனியா கட்டுற பெட் இருக்கு, அது வேற. டெஸ்ட் மேட்ச்ல மூணு ஆப்ஷன், இந்தியா மேல கட்டிட்டு மழை பேஞ்சு டிரா ஆச்சுன்னா பணம் திரும்ப வராது, போனது போனதுதான். டிரா மேலயே கட்டலாம், இங்கிலாந்து வானத்தைப் பார்த்தா சில நாள் அது புத்திசாலித்தனமா தோணும்.

1981 ஹெடிங்லி டெஸ்ட்ல இங்கிலாந்து தோத்துடும்னு எல்லாரும் முடிவு பண்ணினப்போ அது ஜெயிக்க 500/1 ரேட் வந்துச்சு, ஆஸ்திரேலியா டீம்லயே ஆடிகிட்டு இருந்த லில்லி 10 பவுண்டும் மார்ஷ் 5 பவுண்டும் கட்டினாங்க, போத்தம் அடிச்ச அடியில இங்கிலாந்து ஜெயிச்சது. இன்னிக்கு ஒரு பிளேயர் அப்படிப் பண்ணினா அவ்வளவுதான் கேரியர்.

லக்கி 15னு ஒண்ணு எல்லா கடையிலயும் போஸ்டர் ஒட்டியிருப்பாங்க, நாலு குதிரை, 15 பெட். "ஒரு பவுண்ட் லக்கி 15"னு சொன்னா 15 பவுண்ட், ஈச் வேன்னு வாய்தவறி சேர்த்துட்டா 30. முதல் நாள் வேணாம்.

ஸ்டெப் 7: மெஷின் பக்கம் போகாதீங்க

ஓரமா பளபளன்னு ரூலட் மெஷின் இருக்கும், ஒரு கடைக்கு நாலு வரைக்கும். அதுல ஒரு சுத்துக்கு 100 பவுண்ட் வரைக்கும் கட்டலாம்னு இருந்தது, அதனால அழிஞ்ச குடும்பங்களைப் பத்தி பெரிய சண்டையே நடந்து 2019 ஏப்ரல்ல 2 பவுண்டா குறைச்சாங்க. ரேஸுக்கு நடுவுல பத்து நிமிஷம் யோசிக்க நேரம் கிடைக்கும், மெஷின்ல அது கிடையாது. அங்க ஒருத்தர் வேலை யூனிஃபார்மோட, லஞ்ச் டப்பா பிரிக்காம பக்கத்துல வச்சுகிட்டு, நான் வந்ததுல இருந்து போற வரைக்கும் பட்டனைத் தட்டிகிட்டே இருந்தார். ஸ்க்ரீனைத் தவிர வேற எதையும் பார்க்கல.

ஸ்டெப் 8: பணம் வாங்குறது

ஜெயிச்சா உடனே ஓடாதீங்க, ஸ்க்ரீன்ல ரிசல்ட் உறுதியாகுற வரைக்கும் இருங்க, அப்புறம் ரசீதைக் குடுத்தா எண்ணிக் குடுத்துடுவாங்க. அங்க வரி பிடிக்க மாட்டாங்க, பெட் கட்டுறவங்ககிட்ட பிடிச்ச 9 சதவீதத்தை 2001லயே எடுத்துட்டாங்க. ஆனா கணக்கை விட கொஞ்சம் கம்மியா வந்தா ரூல் 4ஆ இருக்கும், நீங்க ரேட் வாங்கினப்புறம் வேற ஒரு குதிரை ஓடாம விலகிடுச்சுன்னா, போட்டி குறைஞ்சதால உங்க லாபத்துல ஒரு பவுண்டுக்கு இத்தனை பென்ஸ்னு பிடிப்பாங்க. உங்க குதிரையே அன்னிக்கு ஓடலேன்னா கட்டினது முழுசா திரும்ப வந்துடும். தகராறுன்னா முதல்ல மேனேஜர், அங்கயும் சரி ஆகலேன்னா ஐபாஸ்னு ஒரு தனி அமைப்பு இருக்கு, கடை சுவத்துலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கும்.

ரசீதை வாங்கின உடனே ஒரு போட்டோ எடுத்துடுங்க. மாமா ஒரு தடவை 31 பவுண்ட் ஜெயிச்ச ரசீதை ஜீன்ஸோட வாஷிங்மெஷின்ல போட்டுட்டார், வெளிய வந்தது வெள்ளை உருண்டை. எந்தக் கடை, எத்தனை மணி, எந்தக் குதிரை, எவ்வளவுன்னு கரெக்டா ஞாபகம் வச்சிருந்ததால கம்ப்யூட்டர்ல தேடிக் குடுத்தாங்க, ஆனா அதுக்கு மூணு தடவை அலைஞ்சார், அந்த பஸ் காசை அக்கா இன்னும் சொல்லிக் காட்டுது.