மட்டக்களப்பில இருந்து பதுளைக்கு சைக்கிள்ல, ஏத்தம் பழகாத காலுக்கு

எங்கட ஊரில ஏத்தம் எண்டா அது கல்லடிப் பாலம்தான். எழும்பி நிண்டு நாலு மிதி மிதிச்சா அதுவும் முடிஞ்சிது. அதனாலதான் மட்டக்களப்பு ஆக்கள் மலைக்கு சைக்கிள் கொண்டு போகக்குள்ள ரெண்டு பிழை விடுறது, மலையிலயும் எழும்பி நிண்டே மிதிக்கப் பாக்கிறது, இறக்கத்தில பிரேக்கை விடாமப் புடிச்சிக்கிட்டே வாறது. ரெண்டையும் செஞ்சு பட்டவன் நான், அதான் எழுதுறன்.

ரோடு லேசு. செங்கலடியில கிறுகினா ஏ5, பதுளை ரோடு எண்டு நாம சொல்றது, உண்மையில அது நுவரெலியாவால பேராதனை வரைக்கும் போகுது. கரடியனாறு, பெரிய புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை, மறுகா பதுளை. டவுனில இருந்து மகாஓயாவுக்கு சுமார் 60 கிலோமீட்டர். அங்க வரைக்கும் மலை எண்டு சொல்ல பெருசா ஒண்டுமில்ல, பிபிலை தாண்டினாப் பிறகுதான் ரோடு உண்மையா ஏறத் தொடங்கும். நான் மூண்டு நாளாப் பிரிச்சிப் போறது: முதல் நாள் மகாஓயா, ரெண்டாம் நாள் பிபிலை, மூண்டாம் நாள் ஏத்தம். ரெண்டாம் நாள் ஓட்டம் குறைவுதான், வேணுமெண்டே அப்பிடி வெச்சது, மூண்டாம் நாளைக்கு கால் வேணுமே. மகாஓயாவில வெந்நீர் ஊத்து இரிக்கி, டவுனுக்குக் கிட்டத்தான், பின்னேரம் ஒரு குளியல் போட்டிட்டுப் படுத்தா அடுத்த நாள் கால் புதுசு மாதிரி.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆக்கள் அம்பாறை, உகனையால மகாஓயாவுக்கு வந்து சேரலாம். இல்லாட்டி தமண, சியம்பலாண்டுவ, மொனராகலை எண்டு போய் பசறையில இதே ரோட்டில ஏறலாம். பதியத்தலாவயில பிரிஞ்சு மகியங்கனையால கண்டிக்குப் போறதும் ஒரு வழிதான், ஆனா அதில பதினெட்டு வளைவு இரிக்கி, முதல் தரம் போற ஆள் அதைத் தொடாதீங்க.

எப்ப போறது? நவம்பர், டிசம்பர், ஜனவரி வேணாம், இஞ்ச வெள்ளம், அங்க மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில தோட்டத் தொழிலாளர்ட வரிசை வீடுகளை லயம் லயமா மண் மூடினதும் இந்தப் பதுளை மாவட்டத்திலதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியா மண்சரிவு எச்சரிக்கை விடும், மழை நாள் எண்டா போன்ல அதைப் பாத்திட்டு வெளிக்கிடுங்க. மாசி கடைசி, பங்குனி நல்லம், பின்னேரம் இடி மழை வரலாம், அதுக்கு முதல் ஓடி முடிச்சிரணும். மேயில இருந்து ஆவணி வரைக்கும் மழை குறைவு, ஆனா கச்சான் காத்து. மலைப்பக்கத்தில இருந்து காஞ்சு சூடா வாற காத்து, போகக்குள்ள முகத்தில அடிக்கும், திரும்பி வரக்குள்ள முதுகில தள்ளிக்கிட்டு வரும்.

அந்தக் கச்சானைத்தான் நான் மலைக்குப் பதிலா வெச்சிப் பழகினன். மலை இல்லாத ஊரில வேற என்ன செய்யிற? பகல் காத்து ஏறினாப் பிறகு வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம் வரைக்கும் எதிர்க் காத்தில மிதிங்க, சீட்டை விட்டு எழும்பாம, ஒரே வேகத்தில, பக்கத்தில வாற ஆளோட கதைக்கக்கூடிய மூச்சில. காத்தும் மலையும் காலுக்கு ஒண்டுதான், ரெண்டும் விட்டுக்குடுக்காது. ஒரு மாசம் கிழமைக்கு மூண்டு தரம் செஞ்சா ஏத்தம் கண்டு பயப்பட மாட்டீங்க.

கியர்: பெடலோட இரிக்கிற முன் பல்லுச் சக்கரத்துப் பல்லும் பின் டயரோட இரிக்கிற பல்லுச் சக்கரத்துப் பல்லும் எண்ணிப் பாருங்க. முன்னுக்கு இரிக்கிற சின்னப் பல்லுச் சக்கரத்தில உள்ள பல்லு, பின்னுக்குள்ள பெருசை விடக் குறைவா இரிக்கணும், 24க்கு 28 எண்டா நல்லம். அப்பதான் பெடல் ஒரு சுத்துச் சுத்த டயர் ஒரு சுத்துக்கும் குறைவாச் சுத்தும், சாமானோட ஏறலாம். ஒத்தைக் கியர் சைக்கிள்ல போகலாமா எண்டு கேட்டா, போகலாம், பாதி வழி தள்ளிக்கிட்டு. கியரை ஏத்தம் தொடங்க முதலே குறைச்சிரணும், நடு ஏத்தத்தில முழுப் பலத்தோட மிதிச்சிக்கிட்டே மாத்தினா செயின் கழரும், சில நேரம் அறும். வளைவில உள்பக்கம்தான் கூடச் செங்குத்து, பின்னுக்கும் முன்னுக்கும் வாகனம் இல்லாட்டி மட்டும் கொஞ்சம் விலகி ஏறுங்க. மணிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகம் வரும், வெக்கப்பட ஒண்டுமில்ல.

இப்ப இறக்கம். இதுதான் ஆளைக் கொல்றது.

பசறையில இருந்து திரும்பி வரக்குள்ள நான் பயத்தில ரெண்டு பிரேக்கையும் மெல்லமா அமத்திக்கிட்டே வந்தன், நல்லபிள்ளை மாதிரி. கொஞ்ச நேரத்தில ரப்பர் கருகின மணம், அப்பிடியே பின் டயர் டுஸ் எண்டு போச்சி. இறங்கி ரிம்மைத் தொட்டன், கை சுட்டிச்சி. உயரத்தில இருந்து இறங்குற பாரமெல்லாம் சூடாத்தான் போகணும், அது ரிம்முக்குத்தான் போகுது, அந்தச் சூட்டில டியூபில இருந்த பழைய ஒட்டு சொலூசன் இளகிக் கழண்டிட்டுது. அது முன் டயரா இருந்தா இதை எழுத நான் இருந்திரிக்க மாட்டன். அதனால மலைக்குப் போக முதல் ஒட்டுப் போட்ட டியூபைக் கழட்டிட்டு புதுசு போடுங்க, பிரேக் ரப்பரும் புதுசு. இறக்கத்தில சும்மா அமத்திக்கிட்டே வராம, வளைவு வர முதல் ரெண்டையும் நல்லாப் புடிச்சி வேகத்தைக் குறைச்சி, பிறகு விட்டுருங்க, ரிம் காத்தில ஆறட்டும். வளைவுக்குள்ள முன் பிரேக்கை இறுக்காதீங்க. நேரா நிமிந்து இருந்தா நெஞ்சே பாதிப் பிரேக். கண் வளைவு முடியிற இடத்தில இரிக்கணும், பள்ளத்தில இல்ல, பாக்கிற பக்கம்தான் சைக்கிள் போகும். மழை நனைஞ்ச ரிம்ல பிரேக் புடிக்க நேரமெடுக்கும். கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி ரிம்மைத் தொட்டுப் பாக்கிறது கேவலமில்ல.

பஸ் உங்களுக்காக ஒதுங்காது, நீங்கதான் ஒதுங்கணும். 2021 மார்ச்சில பசறை 13ஆம் கட்டைக்கிட்ட பஸ் ஒண்டு பள்ளத்தில விழுந்து கனபேர் செத்தது இந்த ரோட்டிலதான். ஹோன் கேட்டா மலைப்பக்கமா ஒதுங்கி நிண்டு விடுங்க, பள்ளப் பக்கம் போக வேணாம்.

யானை. புல்லுமலைக்கும் மகாஓயாவுக்கும் இடையில காலமை 7 மணிக்கு முதலும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் சைக்கிள்ல நிக்காதீங்க. கடையில நிப்பாட்டி "அலி இன்னவாத" (யானை இரிக்கா) எண்டு சிங்களத்தில கேட்டாப் போதும், சிங்களம் அவ்வளவு தெரிஞ்சாலே சோறு தண்ணியும் கிடைக்கும். யானை ரோட்டில நிண்டா தூரத்திலயே நிப்பாட்டி பஸ்ஸோ லொறியோ வரும் வரைக்கும் பாத்து, அதோட ஒட்டிப் போங்க. படம் எடுக்கிற வேலை வேணாம்.

சாமான் குறைவாக் கொண்டு போங்க, பாரத்தைப் பின் கெரியர்ல ரெண்டு பக்கமும் பதிவாக் கட்டுங்க, முதுகில பேக் போட்டா ரெண்டாம் நாள் நாரி கழண்டிரும். டியூப் ரெண்டு, பம்ப், செயின் கழட்டுற கருவி, பிரேக் கம்பி ஒண்டு, பசறைக்குளிருக்கு ஒரு மெல்லிய ஜக்கெட், தண்ணி 3 லீற்றர். தின்ன கச்சான் அல்வா, காத்துக்கும் கடலைக்கும் ஒரே பேர் வெச்ச ஊர்க்காரர் அதைக்கூடக் கொண்டு போகாட்டி எப்பிடி. பதியத்தலாவப் பக்கம் ரோட்டோரம் அவிச்ச சோளன் விக்கும், பிபிலையில தோடை காலமெண்டா தோடை, ரெண்டையும் விடாதீங்க.

பசறையில இருந்து பதுளை கிட்ட எண்டு மெப் காட்டும், ஆனா அதுவும் ஏறி இறங்கித்தான். மூண்டு மணிக்குப் பிறகு பசறைக்கு வந்து சேந்தா அங்கேயே படுத்திட்டு காலமைபோல இறங்குங்க, ரிம் அப்ப குளிரா இரிக்கும்.