பழைய கேமிங் பிசியில் முதலில் எதை மாற்றுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் திணற ஆரம்பித்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புது கிராபிக்ஸ் கார்டு. பல நேரங்களில் அது சரியான முடிவாகவே இருக்கும். ஆனால் எந்தப் பாகம் திணறுகிறது என்று பார்க்காமல் வாங்கினால், பெரிய தொகை கைவிட்டுப் போன பிறகும் அதே திணறல் அப்படியே இருக்கும்.

பேச்சுக்கு 2017, 18 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு பிசியை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் வகை இது.

அளக்காமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் முட்டுக்கட்டை. அது 60, 70 என்று இறங்கி, ஃப்ரேமும் குறைவாக இருந்தால் (ஃப்ரேம் வரம்போ, ஃப்ரேமைத் திரையின் வேகத்துக்குக் கட்டிவைக்கும் விசிங்கோ போட்டிருக்கக் கூடாது) கார்டு சும்மா காத்திருக்கிறது, ப்ராசஸரோ ராமோ பின்தங்குகிறது என்று பொருள். இங்கே பலர் ஏமாறுவது ப்ராசஸரின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்துத்தான். ‘45 சதவீதம்தானே காட்டுகிறது, ப்ராசஸருக்கு என்ன குறை’ என்று நினைப்பார்கள். ஆறு கோரில் ஒன்று மட்டும் முழுச் சுமையில் தவித்தாலும் கேம் திணறும். சராசரியில் அது தெரியாது. சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் ஏறவே இல்லை என்றால் குறை கார்டில் இல்லை.

ஒரே பிசிக்குக் கேமுக்குக் கேம் பதில் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைக் குறைந்த செட்டிங்கில் ஆடுபவருக்குப் பெரும்பாலும் ப்ராசஸர்தான் எல்லை. சைபர்பங்க் 2077 ஆடுபவருக்குக் கார்டு. நண்பர் எதை மாற்றினார் என்பதை விட, நீங்கள் எதை ஆடுகிறீர்கள் என்பதே முக்கியம்.

அளக்கும்போதே வெப்பத்தையும் பாருங்கள். 1060 போன்ற கார்டுகள் 83 டிகிரி பக்கம் போனால் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஏழு வருடத் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே இழந்த வேகம் திரும்பக்கூடும். நம் ஊர் மே மாத வெயிலில் இதைச் செய்யாமல் வேறு எதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது, கார்டு மோகத்தில் ராமையும் ஹார்டு டிஸ்கையும் கண்டுகொள்ளாமல் விடுவது. ஒரே ஸ்டிக் இருந்தால் ராம் சிங்கிள் சேனலில் ஓடும், தகவல் போகும் பாதை பாதியாகிவிடும். ராம் வேகத்தை மிகவும் நம்பியிருக்கும் முதல் தலைமுறை ரைசனில் இது நன்றாகவே உறைக்கும். ஒரே மாதிரியான 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள் (நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இதுதான் முறை). பிறகு போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். 3000 என்று அச்சிட்ட ராம், அதை இயக்காதவரை பெரும்பாலும் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும். காசு செலவில்லாத மேம்பாடு இது, ஆனாலும் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் செய்யாமலே இருக்கிறார்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) விஷயத்தில் தவறு வேறு பக்கம் நடக்கிறது. ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் கேம் திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும், திறந்த உலகக் கேம்களில் வழியில் வரும் உலுக்கலும் குறையும். சராசரி ஃப்ரேம் ஏறும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பெரும்பாலான கேம்களில் பழைய இணைப்பு முறையான சாட்டாவுக்கும் அதைவிட வேகமான என்விஎம்இக்கும் உள்ள வித்தியாசம் சில நொடிகளே. விலை ஒன்றானால் என்விஎம்இ எடுங்கள், அதற்கு முன் உங்கள் போர்டின் எம்.2 ஸ்லாட் எதை ஏற்கும் என்று மேனுவலில் பாருங்கள்.

கார்டுதான் என்று முடிவானால், பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல உதாரணம். கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் ஓடும் பிசிஐஇ பாதைகளில் (லேன்) அது நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும். பி350 போன்ற 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் தடுமாறும். பழைய பிசிக்காகத் தேடுபவர்களின் கண்ணில் படும் விலையில் இருந்தது, பழைய பிசிக்கே பொருந்தாத கார்டு. இன்டெல் ஆர்க் கார்டுகள் முழு வேகத்தில் ஓட, கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி கட்டாயம் வேண்டும், பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வகை 16 லேன்களையும் பயன்படுத்துவதால் 3.0 போர்டுக்கு நிம்மதியான தேர்வு. இன்னொரு காரணமும் உண்டு: டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற புதிய கேம்கள் ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிடும்) வசதியுள்ள கார்டு இல்லாமல் ஓடவே மாட்டா. 1060-ல் செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதில் மிச்சம் பிடிப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, ஏனென்றால் மற்ற தவறுகளில் காசு மட்டும் போகும், இதில் பாகங்களும் போகலாம். 1060-க்கு 120 வாட், 3060-க்கு 170 வாட். கணக்குப்படி நல்ல 450 வாட் தாங்கிவிடும். ஆனால் மேலே ஒட்டியுள்ள மொத்த வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் கார்டு வாங்கும் அன்றே அதையும் மாற்றுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே உள்ள பாகங்களின் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. 8 பின் இணைப்பு இல்லையென்று பழைய வகை மோலக்ஸ் இணைப்பிலிருந்து கன்வர்ட்டர் போட்டு ஓட்டவே வேண்டாம். மாடுலர் வகை (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடியது) வாங்கினால் பழைய கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம், எஸ்எஸ்டியும் போர்டும் நொடியில் கருகலாம். யூபிஎஸ்ஸையும் கணக்கில் எடுங்கள்: 600 விஏ என்று விற்பவற்றில் பல 360 வாட் வரைதான் தாங்கும்.

ப்ராசஸர்தான் தடை என்று தெரிந்தால், போர்டோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். பி350 போன்ற ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது: பி350 போர்டுகள் பலவும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரைசன் 5 5600-ஐ ஏற்கும், கிடைத்தால் 5700எக்ஸ்3டியையும். பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகு நினைவு வந்தால் திரை வராது. இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை. ஆகவே கார்டு, ப்ராசஸர் இரண்டுமே ஏறக்குறைய சமமாகத் திணறினால் நான் ப்ராசஸரை முன்னால் வைப்பேன்.

இன்டெல் பக்கம் இவ்வளவு தாராளம் இல்லை. 7-ஆம் தலைமுறை போர்டில் 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் உட்காரும், சாக்கெட் பெயரும் 1151 என்றே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இப்படி மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்ட பிசிக்குப் புது டிடிஆர்4 ராம் வாங்கிக் குவிக்காதீர்கள். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 மட்டும்தான். எஸ்எஸ்டி, கார்டு, தரமான எஸ்எம்பிஎஸ், கேபினட் ஆகியவை அடுத்த பிசிக்கும் கூடவே வரும் என்பதால், இருக்கிற காசை அவற்றில் போட்டுவிட்டு, போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் ஒன்றாக மாற்றும் நாள்வரை சேர்த்து வையுங்கள்.