தெருவுக்கு வந்த வாத்து: நல்ல மனசோடு நாம் செய்யும் தவறுகள்

கார்த்திகை மழையில் சென்னையின் தென்புறநகரில், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல் பக்கமெல்லாம் காலி மனைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஒற்றை வாத்து ஒன்று எங்கிருந்தோ வந்து சேரும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், ஒருவர் பிரெட் பாக்கெட்டோடு வருவார், இன்னொருவர் “பிடித்து ஏரியில் விட்டுவிடலாம் சார்” என்பார். இரண்டும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் வாத்து எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பில்தான் பாதி வாத்துகள் செத்துப்போகின்றன. முதலில் அது என்ன வாத்து, யாருடைய வாத்து என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வெள்ளை உடம்பு, ஆரஞ்சு அலகு என்றால் வீட்டு வாத்து, சந்தேகமே வேண்டாம். ஒரே சீராகக் காக்கி நிறம் என்றால் காக்கி கேம்பல், அதுவும் முட்டைக்காக வளர்ப்பதுதான். முகத்தில் சிவப்பாகச் சதை பருக்கள் பருக்களாக இருந்து, அலகைத் திறந்து ‘ஸ்ஸ்’ என்று காற்றுவிட்டால் அது மணிலா வாத்து. அந்தச் சிவப்புச் சதையைக் கட்டி என்று நினைத்து மஞ்சள் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த இனத்தின் இயல்பு, தொடவே வேண்டாம். மணிலா நன்றாகப் பறக்கும், மதில்மேல் ஏறி உட்காரும், நகமும் கூர்மை, ஆகவே வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள்.

இதில் ஆணா பெட்டையா என்று பார்ப்பதும் முக்கியம். மணிலா தவிர மற்ற வீட்டு வாத்துகளில் வாலுக்கு மேல் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருண்டு நின்றால் அது வளர்ந்த ஆண். தெருவே கேட்கும்படி கத்துவது பெட்டைதான், ஆணின் குரல் எப்போதுமே கம்மிப்போய் இருக்கும். அதைக் கேட்டுவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது அநியாயம்.

கறுத்த அலகு, நுனி மட்டும் மஞ்சள், அலகு முகத்தோடு சேரும் இடத்தில் சிவப்புப் புள்ளி என்றால் அது புள்ளிமூக்கு வாத்து. சின்னதாக, செம்பழுப்பாக, விசில் அடிப்பது சீழ்க்கைச் சிறகி. இரண்டும் காட்டுப் பறவைகள், 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிக்கவோ வீட்டில் வைத்து வளர்க்கவோ கூடாது. காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறக்கவில்லை என்பதற்காக மட்டும் காயம் என்று முடிவு கட்டாதீர்கள், காட்டு வாத்துகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் சில வாரம் பறக்க முடியாமல்தான் இருக்கும். சிறகி மரப்பொந்தில் முட்டையிடுவதும் உண்டு. குஞ்சுகள் கீழே குதித்து, தாய் பின்னால் வரிசையாகத் தண்ணீருக்கு நடக்கும். அப்போது நாம் கிட்டே போனால் தாய் பறந்துவிடும், உடனே ‘அநாதைக் குஞ்சு’ என்று அட்டைப்பெட்டியில் அள்ளிவிடுகிறோம். தள்ளி நின்று நாயை விரட்டி, வண்டியை நிறுத்தி வழிவிட்டால் பெரும்பாலும் தாய் திரும்பி வந்துவிடும்.

வீட்டு வாத்து என்றால் அதற்கு ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் மதுராந்தகம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டி வந்து, அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடுவார்கள். கூட்டத்தோடு நடக்க முடியாத ஒன்றிரண்டு பின்தங்கிவிடும். இறகில் சாயம், காலில் நூல் இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்துத் தெருக்களிலும் கறிக்கடையிலும் விசாரியுங்கள். முட்டை விற்றுப் பிழைக்கிறவருக்கு ஒரு வாத்து என்பது ஒரு வருமானம், அதை நாம் ‘மீட்டு’ வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது ஏரிக்கு வருகிறேன், ஏனென்றால் மிக மோசமான தவறு இதுதான். மணிலாவைத் தவிர மற்ற வீட்டு வாத்துகளால் சரியாகப் பறக்க முடியாது. ராத்திரி கரையேறித்தான் தூங்கும், கரையில் தெருநாய் காத்திருக்கும். தனியாக இரை தேடவும் அதற்குப் பழக்கமில்லை. வேனிலில் தண்ணீர் வற்றி மீன் செத்து மிதக்கிற இடமாக இருந்தால் போட்டுலிசம் என்ற நச்சு நோய் வேறு வரும், முதலில் கால் இழுக்கும், அப்புறம் கழுத்தே துவண்டு, தண்ணீரில் முகம் கவிழ்ந்து செத்துப்போகும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் விடலாம் என்பதும் தப்பு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது, அங்குள்ள காட்டு வாத்துகளோடு வீட்டு வாத்தைக் கலந்தால் நோயும் போகும், கலப்பினமும் உருவாகும்.

சரி, சாப்பாடு. பிரெட், பிஸ்கட், மிக்சர், சாம்பார் சாதம் எதுவும் வேண்டாம். உப்பு ஒரு பக்கம், வயிறு நிறைந்து சத்து சேராமல் போவது இன்னொரு பக்கம். பூஞ்சை பிடித்த எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், குறிப்பாகப் பழைய வேர்க்கடலையும் கடலைப் பிண்ணாக்கும். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சை நச்சு, அஃப்லாடாக்சின். அந்த நச்சு வாத்துக்குஞ்சை மிகச் சீக்கிரம் கொல்லும். நெல், கம்பு, உடைத்த கோதுமை, நறுக்கிய கீரை, கிடைத்தால் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, இவை போதும். வளர்ந்த வாத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம் தீவனம் கணக்கு. குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுத்தாலும் நியாசின் என்ற பி வைட்டமின் போதாமல் கால் வளைந்துவிடலாம், வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு அது வேண்டும். நியாசின் நிறைந்த புரூவர்ஸ் ஈஸ்ட் பொடி கொஞ்சம் கலந்தால் சரியாகும்.

தீவனத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். நாய்க்கு வைக்கிற தட்டுத் தண்ணீர் பத்தாது. ஒரு ஆழமான வாளியை வைத்துப் பாருங்கள்: தலையைக் கண்வரை முக்கி, மூக்குத் துவாரம் வழியாகத் தண்ணீரைப் பீச்சி, கண்ணைக் கழுவி, பிறகு வாலடியில் அலகைத் தேய்த்து எண்ணெய் எடுத்து இறகெல்லாம் தடவும். இதற்கு வழியில்லாத வாத்துக்குக் கண் ஒட்டிக்கொள்ளும், மூக்கு அடைக்கும். அழுக்காக இருக்கிறதே என்று ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் அந்த எண்ணெய் போய்விடும், அப்புறம் நீந்தும்போது இறகு நனைந்து குளிரில் நடுங்கும். தாயில்லாத குஞ்சுக்கோ அந்த எண்ணெய்ப்பூச்சே சரியாக இருக்காது. டப்பில் விட்டு வீடியோ எடுக்கிறார்களே, அந்தக் குஞ்சுகளில் பல அன்றைக்கே விறைத்துப்போகும். முதல் வாரம் 32 டிகிரி சூடு வேண்டும், பெட்டியின் ஒரு ஓரத்தில் பல்பு, மறு ஓரத்தில் விலகி இருக்க இடம்.

மொட்டைமாடியில் வைப்பதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வெயிலில் சுடும் சிமெண்ட் தரையிலேயே நடக்கவிட்டால் உள்ளங்காலில் முதலில் வழவழப்பாக ஒரு இடம் தெரியும், பிறகு அங்கே கறுப்பாகப் பக்கு கட்டும், உள்ளே சீழ். ஈரமண்ணோ வைக்கோலோ போடுங்கள், நிழல் கட்டாயம். கட்டட வேலை நடந்த இடம் என்றால் ஆணி, கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பளபளப்பாக எது கிடந்தாலும் வாத்து விழுங்கிவிடும். ராத்திரி அடைக்காமல் விட்டால் நாய், பூனை, கீரிப்பிள்ளை, குஞ்சு என்றால் பெருச்சாளியும் கூட.

தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், கோழியைத் தலைகீழாகத் தூக்குகிற பழக்கம் இங்கே ஆகவே ஆகாது, வாத்துக்கு மெல்லிய கால். இரண்டு இறக்கையையும் உடம்போடு அணைத்து, வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். சோர்ந்து கிடந்தால் சிரிஞ்சில் தண்ணீர் புகட்டுவார்கள், அதுவும் ஆபத்து. அலகைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு கீற்று திறந்து திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழாயின் வாய், தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளை முத்தமிட விடாதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் திடீரென்று செத்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள், 2014இல் ஆலப்புழையில் பறவைக்காய்ச்சல் முதலில் தாக்கியது வாத்துகளைத்தான்.

சொந்தக்காரர் கிடைக்கவில்லை என்றால் வாத்து வளர்க்கிற இடமாகத் தேடுங்கள், கூட்டத்தில் வாழ்கிற பறவையை ஒற்றையாக வைப்பது கொடுமை. பக்கத்து வீட்டுக் கோழிகளோடு ஆண் வாத்தை விடுவது அதைவிட மோசம், இணைசேரப் பார்த்துக் கோழியின் உடம்பையே கிழித்துவிடும். கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: அவரிடம் எத்தனை பெட்டை, எத்தனை ஆண், ராத்திரி எங்கே அடைக்கிறார். கறிக்கா வளர்ப்புக்கா என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். புதிதாகப் போகிற வாத்தை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மந்தையோடு சேர்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.