டச்பேட் தலைகீழாக ஓடுகிறதா?

பாளையங்கோட்டையில் கடைக் கணக்கு பார்க்கும் எங்க மைனிக்குப் புது லேப்டாப்பில் ஒரே எரிச்சல். இரண்டு விரலைக் கீழே இழுத்தால் பில் பட்டியலின் தொடக்கத்துக்கே போய்விடுகிறதாம். கோளாறு ஒன்றுமில்லை. செல்போனில் போல விரலோடு பக்கமும் நகரும் முறை அது. மேக் கணினிகளில் 2011-இல் வந்தது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், 'ஸ்க்ரோல் அண்ட் ஜூம்' என்று போங்கள். ஸ்க்ரோலிங் டைரக்‌ஷனில் 'டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் டவுன்' கொடுத்தால் பழைய முறை வந்துவிடும். மேக்கில் மட்டும் கவனம், டிராக்பேடில் (டச்பேடுக்கு அங்கே அதுதான் பெயர்) மாற்றினால் மவுஸும் சேர்ந்தே மாறும்.

என்னைக் கேட்டால் டச்பேடுக்குச் செல்போன் முறைதான் சுகம். மவுஸ் சக்கரத்துக்குப் பழையதே சரி. கடையில் நாலு பேர் உட்காரும் கணினி என்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.