எரிவாயுக் கசிவை ஓசையால் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசையைப் பிடிக்கும் சென்சார் சரியாக வேலை செய்தும், கசிவைத் தேடித் தோண்டும் குழி தவறான இடத்தில் விழுகிறது என்றால், முதலில் கணக்கில் போட்ட ஒலிவேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். புதைந்த குழாயின் இரு முனைகளிலும் சென்சார் பொருத்தி, கசிவின் இரைச்சல் எந்த முனைக்கு எவ்வளவு முந்தி வருகிறது என்று அளக்கிறோம். அந்த நேர வித்தியாசத்தை ஒலிவேகத்தால் பெருக்கி, குழாயின் நீளத்திலிருந்து கழித்து, பாதியாக்கினால், ஓசை முந்தி வந்த முனையிலிருந்து கசிவுக்குள்ள தூரம் கிடைக்கும்.

இங்கேதான் பலர் காற்றுக்குரிய வேகத்தைப் போட்டுவிடுகிறார்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனில் சுமார் 445 மீட்டர். குழாய் 300 மீட்டர், வித்தியாசம் 0.2 நொடி என்று கொள்வோம். மீத்தேன் வேகத்தில் கசிவு சுமார் 106ஆவது மீட்டரில். காற்றின் வேகத்தில் 116ஆவது மீட்டரில். மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்து போன்ற இடத்தில் அந்தப் பத்து மீட்டருக்கு இரண்டு மூன்று வீட்டு வாசல்களைத் தோண்ட வேண்டியிருக்கும்! நீளத்தையும் சாலையில் அளக்காமல், வளைவுகளோடு குழாயின் வழியே அளக்க வேண்டும். இரு சென்சார்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். 10 மில்லிநொடி பிசகினாலே இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

இரவில் அமைதியாக இருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. மதுரை தூங்கா நகரம். லாரிகளின் அதிர்வு நள்ளிரவிலும் மண்ணுக்குள் இறங்கும். ஒரே பதிவை நம்பாமல், வெவ்வேறு நேரங்களில் பதிந்து, மாறாமல் தொடரும் ஓசையைத் தேடுங்கள். கப்பலூர் போன்ற தொழிற்பேட்டையில் கையடக்க மீயொலிக் கருவியோடு (காதுக்கு எட்டாத உயர் ஒலியைப் பிடிப்பது) நடப்பவருக்குச் சிக்கல் வேறு: காற்றழுத்தக் குழாயின் ஒழுகலும் எரிவாயுக் கசிவைப் போலவே சீறும். என்ன வாயு என்பதை ஓசை சொல்லாது. வாயு அளவி கொண்டு உறுதி செய்த பிறகே தோண்டலாம்.

துருவின் மேலோ உரியும் பெயின்டின் மேலோ சென்சாரை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய் ஓசையை விரைவில் விழுங்கிவிடும். அங்கே சென்சார்களை நெருக்கமாக வைக்க வேண்டும்.

கருவி மௌனமாக இருப்பதைக் கசிவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் என்னை மிகவும் அஞ்சவைக்கிறது. அழுத்தம் குறைந்தால் சீறலும் குறையும். வீட்டு கேஸ் அடுப்புக்கு வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். அங்கே சோப்பு நுரைதான் நம்பகமானது. வாடை பலமாக வந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம். சுவிட்சைத் தொடாமல், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.