ஹெலிகாப்டர் பனிச்சறுக்குக்குக் கூட்டமாகப் போவதென்றால்

லிஃப்டுக்குப் பதில் ஹெலிகாப்டரில் மலை மேலே போய் இறங்கி, காலில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு கீழே சறுக்கி வருவதுதான் இந்த விளையாட்டு. முதலில் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் இந்த ஏற்பாடெல்லாம் என் தலையில்தான் விழும்: டிக்கெட், விடுதி, பண வசூல் எல்லாமே. பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் யார் யாரோடு ஒரே ஹெலிகாப்டரில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான்.

ஏ-ஸ்டார் போன்ற சின்ன ஹெலிகாப்டரில் பொதுவாக 4 பேரும் ஒரு கைடும் போவார்கள். பெல் 212 மாதிரிப் பெரியதென்றால் 11 பேர் வரை ஏறலாம். ஒன்றாக ஏறியவர்கள் நாள் முழுக்க ஒன்றாகத்தான் இறங்கியாக வேண்டும். ஒருவர் திணறினால் மற்றவர்கள் கீழே கால் மரத்துப்போய் நிற்பார்கள். பல இடங்களில் ஒரே ஹெலிகாப்டர் மூன்று நான்கு குழுக்களை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் குழு தாமதித்தால் அடுத்த குழுவின் நேரமும் போகும், முறைப்பும் கிடைக்கும்.

அதனால் திறமையைப் பற்றிக் கறாராகக் கேட்டுவிடுங்கள். "நல்லா ஓட்டுவியா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் குழுவில் ஒருவனிடம் நான் கேட்டது இப்படிப் போனது (கறுப்புச் சரிவு என்றால் ரிசார்ட்டில் கடினமானது என்று குறித்திருக்கும் சரிவு):

"மச்சான், கறுப்புச் சரிவெல்லாம் சும்மா இறங்கிடுவேன்டா."

"முழங்கால் ஆழத்துக்கு மெத்துப் பனியில?"

"அது... ஒண்ணு ரெண்டு தடவை."

"மரங்களுக்கு நடுவுல?"

பதில் வரவில்லை. மெஷின் ஓட்டிச் சமன்செய்த சரிவில் புலியாக இருப்பவர்கூட ஆழமான பவுடர் பனியில், அதாவது புதிதாக விழுந்து இறுகாமல் கிடக்கும் பனியில், பத்துத் திருப்பத்துக்குள் தொடை நடுங்க நின்றுவிடலாம். அவனை ஒரு ரிசார்ட்டில் பவுடருக்கென்றே பயிற்சி எடுத்துவிட்டு வரச் சொன்னேன், எடுத்துவிட்டுத்தான் வந்தான். திறமை இரண்டு விதமாகப் பிரிந்தால், தயங்காமல் விடுதியிடம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நட்புக்காக எல்லோரையும் ஒரே குழுவில் அடைப்பதால் யாருக்கும் சுகமில்லை.

சரி, எங்கே, எப்போது? இந்தத் தொழில் பிறந்த இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. 1965-ல் ஹான்ஸ் க்மோசர் என்ற ஆஸ்திரிய மலை வழிகாட்டி அங்குள்ள பகபூ மலைகளில் வாடிக்கையாளர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் போய் இறக்கத் தொடங்கினார். இன்றும் முதல்முறை போகும் கூட்டத்துக்கு நான் அந்த மாகாணத்தையே சொல்வேன். காரணம், மரங்கள். மேகம் இறங்கிவிட்டால், வெள்ளை வெளேரென்று கிடக்கும் பனியாற்றின் மேல் பைலட்டுக்கு எது தரை, எது வானம் என்று தெரியாது. காட்டுப் பகுதியில் மரங்களைப் பார்த்துத் தூரத்தைக் கணித்து இறக்க முடியும். அலாஸ்காவின் செங்குத்துச் சரிவுகள் படத்தில் அட்டகாசமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் மரமே இல்லாத உயரத்தில் என்பதால் பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களும் அதிகம். டிசம்பர், ஜனவரியில் பகல் சின்னது, குளிர் கடுமை, பெரும்பாலும் காட்டுக்குள்தான் ஓட்டம். மார்ச் மாதத்தில் வெளிச்சமும் கூடும், உயரமான சரிவுகளும் திறக்கும்.

அடுத்து பணம். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது செங்குத்து மீட்டர் கணக்கைத்தான், அதாவது சறுக்கி இறங்கும் மொத்த உயரத்தை. சில விடுதிகள் வாரத்துக்கு 30,500 மீட்டர், அதாவது ஒரு லட்சம் அடி என்று உறுதி தருவார்கள். குறைந்தால் ஒரு பகுதி திரும்பி வரும், கூடினால் தனிக் கட்டணம். சில இடங்களில் எவ்வளவு இறங்கினாலும் ஒரே தொகை. கூடுதல் கட்டணம் உண்டென்றால் அதை எப்படிப் பங்கிடுவது என்று போகும் முன்பே பேசி முடியுங்கள். மாலையில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது கணக்குப் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். யாராவது கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் அந்த இடத்துக்கான தொகை யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்தில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்கு என்று பெயர் சொல்லியே இருக்க வேண்டும், மலையிலிருந்து மீட்டு வரும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் இது விலக்கப்பட்டிருக்கும்.

எடையைக் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். எரிபொருளும் ஆட்களின் எடையும் சேர்த்துத்தான் பைலட் கணக்குப் போடுகிறார். கூச்சத்தில் எட்டுக் கிலோவை மறைப்பது அவரை ஏமாற்றுவது.

ஹெலிகாப்டரில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய விடுதி என்றால், திரும்பும் விமானத்தை அன்று மாலைக்கே போடாதீர்கள். பனிமூட்டம் வந்தால் யாரும் எங்கும் நகர முடியாது. ஒரு நாள் இடைவெளி கட்டாயம். அகலமான பவுடர் ஸ்கீக்களைப் பெரும்பாலும் விடுதியே தரும். ஆனால் பூட்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும், அதுவும் கைப்பையில் வரட்டும். லக்கேஜ் தொலைந்தாலும் பழகிய பூட்ஸ் கையில் இருக்கும். பனிச்சரிவில் சிக்கினால் காற்றுப்பை விரிந்து ஆளை மேலே வைத்திருக்க உதவும் ஏர்பேக் முதுகுப்பை எடுத்துப் போனால் அதன் வாயு சிலிண்டருக்கு விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில நாட்களுக்குக் கூடுதலாகவே எடுத்துவரட்டும்.

முதல் நாள் காலை பாதுகாப்புப் பயிற்சி. ஏற்கெனவே தெரியும் என்று யாரையும் நழுவ விடாதீர்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், வாங்கும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் புரோப் கம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் எல்லோரிடமும் இருக்கும். பனிச்சரிவில் புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் உயிர். அவரைத் தோண்டி எடுக்கப்போவது அருகில் நிற்கும் நீங்கள்தான். செல்போனை டிரான்ஸீவரிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50. இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும்.

ஏறும் இடத்தில் ஸ்கீக்களைக் கட்டி, கைடு காட்டும் இடத்தில் படுக்க வைத்துவிட்டு, எல்லோரும் ஒட்டி முட்டிபோட்டு உட்கார வேண்டும். தொப்பி, கையுறை எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. இறக்கைக் காற்றில் பனித்தூள் கழுத்துக்குள் புகும், கண்ணே திறக்க முடியாது. அசையாதீர்கள். ஹெலிகாப்டர் உங்களுக்கு ஒரு கை தூரத்தில் வந்து அமரும். கைடு சைகை காட்டிய பிறகே எழ வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. சரிவின் மேற்புறமாகவும் நெருங்கக் கூடாது, அங்கே தரைக்கும் சுழலும் இறக்கைக்கும் இடைவெளி குறைவு. ஸ்கீயைத் தோளில் தூக்கவே வேண்டாம்.

காட்டுக்குள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். கிளைகளுக்கு அடியில் மரத்தைச் சுற்றி இறுகாத பனிக்குழி இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். ஜோடிகளை முந்தின இரவே முடிவு செய்யுங்கள், சம வேகக்காரர்களாகப் பார்த்து. ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும்.

பறக்க முடியாத நாள் ஒன்றாவது வரும் என்று எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். கைடு இன்று வேண்டாம் என்றால், குழுவிலிருந்து யாரும் போய் அவரை நச்சரிக்கக் கூடாது. சீட்டுக்கட்டு இரண்டு எடுத்து வையுங்கள். சில விடுதிகளில் இன்டர்நெட் பெயரளவுக்குத்தான் இருக்கும்.