வாசக்கதவு வார்னிஷ் ஏன் உரிகிறது? கடலோர வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்தில் வாசக்கதவுக்கு அடித்த வார்னிஷ் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் வெளுத்தாலோ தோலாக உரிந்தாலோ, பழி டப்பா மேல் விழுகிறது. அடுத்த தடவை விலை கூடிய டப்பா வாங்குகிறார்கள்; அதுவும் உரிகிறது. கடலோரத்தில் வார்னிஷைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: மரத்துக்குள் இருக்கும் ஈரம், மரத்தின் மேல் படிந்த உப்பு. இரண்டையும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கவனித்துவிட வேண்டும்.

முதலில் சரக்குத் தேர்வு. எந்த இடத்து மரம் என்று சொல்லாமல் "நல்ல வார்னிஷ் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் பூஜை மண்டபத்துக்கும் பழைய பீரோவுக்கும் அருமையான மெருகு தரும். ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். வெள்ளிக்கிழமைதோறும் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கும் நிலைக்கு அது ஆகவே ஆகாது. மெலமைன் என்னும் பிசின் பூச்சு கடினமானது, கட்டில், அலமாரி போன்ற உள்வீட்டுச் சாமான்களோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலில் அது மஞ்சளாகி வெடிக்கும்.

தெருவைப் பார்த்த கதவு, ஜன்னல், பால்கனி ஊஞ்சல் இவற்றுக்கு 'வெளிப்புறம்' என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ்தான் சரி. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் உள்வீட்டு வார்னிஷ் புற ஊதாக் கதிரைத் தடுக்காது. கதிர் படலத்தைக் கடந்து மரத்தின் மேல்நாரைச் சிதைக்கும். பிடிமானம் போனதும் நல்ல நிலையில் இருக்கும் படலமே பட்டை பட்டையாகக் கழன்று வரும். கிழக்கு பார்த்த வாசலில் இது சீக்கிரம் நடக்கும். வெளிப்புற வகையும் நிரந்தரம் இல்லை. மெருகு மங்கத் தொடங்கும்போதே லேசாகத் தேய்த்து மேலே ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். உரிந்த பிறகு என்றால் மரம் தெரியச் சுரண்ட வேண்டியிருக்கும்.

ஹார்ட்னர் (படலத்தை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரட்டை டப்பா பியூ உறுதியானது. கலந்த சரக்கு சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும் என்பதால், அன்றைக்கு அடிக்க வேண்டியதை மட்டும் கலக்குங்கள். ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு வினைபுரியும். மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்தால் அடுத்த வாரம் டப்பாவுக்குள் ஜெல்லிதான் இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வகையை உள்ளறையில் அடிக்க வேண்டாம்.

இனி ஈரம். மரவாடியிலிருந்து வந்த பலகையை அன்றே அடிக்காதீர்கள். வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்கட்டும். பிறகு ஓர் அடி சதுர பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி மரத்தின் மேல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் பனித்திருந்தால் மரம் தயாராகவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் விட்டுவிடுவது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று யாரும் அடிப்பதில்லை. செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் வருகிறது. மரம் அதிக ஈரம் குடிப்பது அந்த முனையில். ஐப்பசியில் கதவு உப்பிச் சிக்கும். ஆசாரி இழைப்புளி போட்டு இழைத்துக் கொடுப்பார். இழைத்த இடம் வெறும் மரமாக நின்று அடுத்த மழையில் இன்னும் குடிக்கும். கதவைக் கழற்றும் வாய்ப்பு கிடைக்கும்போதே ஆறு பக்கமும் அடித்துவிடுங்கள். அடி விளிம்புக்கு ஒரு கோட் கூடுதலாகவே கொடுக்கலாம்.

உப்பு கண்ணுக்குத் தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையோரம் என்றால் லாரிப் புழுதியும் சேர்ந்திருக்கும். அதன் மேலேயே உப்புத்தாள் போட்டால் அழுக்கு மர ரேகைக்குள் இறங்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதற்குப் பிறகு தேயுங்கள். 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 180 வரை போதும். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, வார்னிஷ் காய்வதை அது இழுத்தடிக்கும். அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், துடைக்கவும் சரி, கலக்கவும் சரி. அது விட்டுச்செல்லும் பிசுக்கில் படலம் நாள் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரும்புத் திருகுகள் இருந்தால் பித்தளைக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கோ மாற்ற இதுதான் சமயம். துருவும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் கருங்கறை படியும்.

நேரம் தவறினால் சரியான சரக்கும் வீண். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். பனி விலகியபின் 9 மணிக்குத் தொடங்கி, கடல் காற்று இறங்கும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாள் முழுக்கக் கடல் பக்கத்துக் காற்றுதான் என்பதால் அப்போது தள்ளிப்போடுவதே நல்லது. ஆசாரிகள் விரும்பும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் என்ற சீக்கிரம் காயும் பூச்சு இந்த ஈரத்தில் பால் போல வெளுக்கும். அதன் தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் படலத்தில் படிகிறது. நேர் வெயிலில் அடிப்பதும் தவறு. சூடேறிய மரத்தின் துளைகளில் உள்ள காற்று விரிந்து கொப்புளம் கிளப்பும்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி படலத்தில் தங்கிவிடும். தட்டைக் குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்கி, வேண்டியதை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் கோட்டைக் கொஞ்சம் நீர்க்கக் கலந்தால் மரத்துக்குள் இறங்கும். எந்தத் தின்னர், எவ்வளவு என்பதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தடிப்பான கோட்டாக முடிக்க நினைத்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், சுருங்கும். மெல்லிய மூன்று கோட், நடுவில் 320 நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பு. 7 அடிக்கு 3 அடி கதவு இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து சுமார் 45 சதுர அடி. மூன்று கோட்டுக்கு 135. லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி வரும் என்பதால் கதவுக்கு ஒன்றேகால் லிட்டர் வேண்டும், நிலையையும் சேர்த்தால் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

பழைய பூச்சு இருந்தால் அது என்னவென்று பார்க்காமல் மேலே அடிக்காதீர்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள்: பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னரில் கரைந்தால் லேக்கர். அரக்கில் மெழுகு இருக்கும், பியூ அதன் மேல் பிடிக்காது. முழுக்க எடுத்துவிட வேண்டும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிடாதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும். அடிக்கும்போதும் காயும்போதும் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அந்த அறையில் அடுப்பும் பூஜை விளக்கும் எரியக் கூடாது. எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. எண்ணெய் காயும்போது வரும் வெப்பம் சுருட்டலுக்குள் தேங்கித் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடி போட்ட பழைய தகர டப்பாவில் அமிழ்த்திவிடுங்கள்.